சுவடும் எண்ணிக்கையும்

புலி வேட்டைக்கு முன்னர் காட்டை ஆராய்ந்து வருவதற்கென்றே தேர்ந்த ஆட்கள் இருந்தனர். ஈர மணலில் பதிந்த பின்னங்காற் சுவடு சதுரமாக அகன்றிருந்தால் ஆண். ஒடுங்கி நீண்டிருந்தால் பெண். விளிம்பு சிதையாதிருந்தால் புலி சற்றுமுன் சென்றது. பூச்சிகள் ஊர்ந்த கோடுகள் மேலே ஓடினால் நெடுநேரமாயிற்று. குமாவுன் மலைகளில் ஜிம் கார்பெட் ஆட்கொல்லிகளைப் பின்தொடர்ந்தது இவ்வறிவைக் கொண்டே.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அவ்வாண்டே நாடு தழுவிய புலிக் கணக்கெடுப்பும் நடந்தது. ஒடிசா வன அலுவலர் சரோஜ் ராஜ் சௌத்ரி வகுத்த முறைப்படி, சுவட்டின்மேல் கண்ணாடி வைத்து அதன் வடிவத்தை வரைந்தெடுத்தனர். கிடைத்த எண்ணிக்கை 1,827. வேட்டைக்காரரின் கலை காவலரின் கருவியாயிற்று.

ஆனால் கேள்வி மாறிவிட்டது. 'இந்தப் புலி எங்கே?' என்பது வேட்டைக்காரரின் கேள்வி. கணிப்புத் தவறினால் அன்றே தெரிந்துவிடும். 'எத்தனை புலிகள்?' என்பது கணக்கெடுப்போரின் கேள்வி. ஒரே புலியின் சுவடு சேற்றில் ஒரு வடிவம், புழுதியில் வேறொரு வடிவம்; தாளில் அவை இரு புலிகளாகிவிடலாம். அப்பிழையைக் காடு உடனே திருத்தாது.

விளைவு சரிஸ்காவில் வெளிப்பட்டது. ஏட்டில் புலிகள் இருந்தன. 2005இல் காட்டில் ஒன்றுகூட இல்லை. கள்ளவேட்டையில் அனைத்தும் மடிந்திருந்தன. 2001-02இல் நாடு முழுவதற்கும் சொல்லப்பட்ட எண்ணிக்கை 3,642. தானியங்கிக் கேமராக்களின் துணையுடன் 2006இல் புதுமுறையில் மதிப்பிட்டபோது கிடைத்ததோ 1,411.

இன்றும் அக்கேமராவை எந்த வழியோரம் பொருத்துவது என்பதைச் சுவடு பார்த்தே முடிவு செய்கின்றனர்.