பங்கு விற்ற வழக்கறிஞர்

வ. உ. சிதம்பரனார் என்றதும் செக்கும் சிறையுமே நம் நினைவில் எழுகின்றன. அவர் பங்கு விற்ற திறத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பெங்களூரில் விற்பனைப் பணியில் புதிதாக அடியெடுத்து வைக்கும் நம் குடியிருப்பு இளைஞர்கள் அதனை அறிதல் நன்று.

1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வழக்கறிஞருக்கு இது புதுத்தொழில். எனினும் அவர் திட்டமின்றிப் புறப்படவில்லை. சிறு வணிகரும் வாங்கத்தக்க விலை. ஆசியர் எவரும் பங்கு கொள்ளலாம் என்னும் விதி. கொழும்புக்குச் சரக்கனுப்பும் வணிகர்க்கே கப்பலின் தேவை மிகுதி என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை ஏற்றார்.

வாடகைக்குத் தந்தோர் வெள்ளையர் நெருக்கடியால் கப்பல்களைத் திரும்பப் பெற்றனர். உடனே பம்பாய் சென்று நிதி திரட்டினார். 1907இல் காலியா, லாவோ என்னும் சொந்தக் கப்பல்கள் வந்தன.

எதிர்க்கம்பெனி கட்டணத்தை 1 ரூபாயாக்கியது. இவர்கள் 8 அணாவாக்கினர். அவர்களோ இலவசப் பயணத்தோடு குடையும் வழங்கினர். (இலவசத்துக்கு மயங்காதவர் நம்முள் யார்?) பங்கு விற்கத் தீட்டிய திட்டம், இவ்விலைப்போரைத் தாங்கும் கையிருப்புக்கும் வழி வகுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1908 மார்ச்சில் அவர் கைதானார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் சிறைமீண்டபோது கப்பல்கள் இல்லை.