இலக்கமிடப்பட்ட இளவரசிகள்

1970களின் நடுப்பகுதியில், இலங்கை மக்கள் ஒரு இறாத்தல் பாணுக்காக இரவிரவாக வரிசையில் காத்து நின்ற காலத்தை நேரில் கண்ட பத்திரிகையாளர் தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஆகையால், வரிசை என்றதும் என் நினைவுக்கு வருவது பசி. வயிறு நிறைந்தவர்களும் விடியுமுன் வரிசையில் நிற்பார்கள் என்பதை 2011ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் லண்டனில்தான் அறிந்து கொண்டேன்.

அப்போது என் சகோதரியின் மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு மாலை அவள் தயங்கித் தயங்கி, "மாமா, நாளைக்கு விடிய என்னோட ஒரு கடைக்கு வாறீங்களோ? இருட்டோட போக வேணும், தனியப் போக ஒரு மாதிரிக் கிடக்குது" என்று கேட்டாள். என்ன கடை என்று கேட்டேன். பொம்மைக் கடை என்றாள். அவளுக்கு அப்போது நான்கு வயதில் ஒரு மகள் இருந்தாள். பிள்ளைக்குப் பொம்மை வாங்க இருட்டோடு போவானேன் என்று எண்ணியபோதும், மறுப்புச் சொல்லாமல் உடன் சென்றேன்.

கடை வாசலில் ஏற்கனவே ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தனர். மடக்குக் கதிரைகளும் தேநீர்ப் போத்தல்களும் கொண்டு வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு குழந்தைகூட இல்லை என்பதே என்னை முதலில் வியப்பில் ஆழ்த்தியது. அன்று வெளிவரவிருந்தது குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் தயாரிக்கப்பட்ட ஓர் இளவரசிப் பொம்மை. ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் உண்டு. ஆளுக்கு ஒன்றுதான் கொடுப்பார்கள். கடை ஊழியர்கள் வரிசையில் நின்றவர்களின் கையில் காகிதப் பட்டிகளைக் கட்டி விட்டனர். கதவு திறந்தபோது உள்ளே இசை ஒலித்தது. முதலில் நுழைந்தவர்களை ஊழியர்கள் கைதட்டி வரவேற்றனர்.

எமக்கு முன்னால் நின்றவர் நடுத்தர வயதுடைய ஒரு தாதி. இரவுக் கடமை முடித்து நேரே வந்திருந்தார். தன்னிடம் நாற்பதுக்கும் மேற்பட்ட பொம்மைகள் இருப்பதாகவும், அவற்றில் ஒன்றையேனும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததில்லை என்றும் சொன்னார். சிறுவயதில் தன் வீட்டில் பொம்மை வாங்க வசதியிருக்கவில்லை என்றும், இப்போது வாங்க முடிகிறது, ஆனால் விளையாடும் வயது போய்விட்டது என்றும் சிரித்துக்கொண்டே கூறினார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

வீடு திரும்பியதும் பொம்மைப் பெட்டி அலுமாரியின் உச்சியில் வைக்கப்பட்டது. பேத்தி அண்ணாந்து பார்த்து, திறந்து தரும்படி கேட்டாள். "பெரியபிள்ளையானதும் உமக்குத்தான். இப்ப திறந்தால் பெறுமதி போயிடும்" என்றாள் தாய். பெறுமதி என்ற சொல்லுக்கு அந்தக் குழந்தைக்குப் பொருள் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால், பிள்ளைக்காக வாங்கிய விளையாட்டுப் பொருளைப் பிள்ளையிடமிருந்தே பாதுகாக்கும் இந்த வழக்கம் எப்படி உருவானது என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. அதைத் தேடிச் சென்றபோது கிடைத்த வரலாறு முக்கால் நூற்றாண்டுக்கு மேற்பட்டது.

படத்துக்கு முன்பே பொம்மை

1932ஆம் ஆண்டு, அமெரிக்கா பொருளாதார வீழ்ச்சியில் தத்தளித்துக் கொண்டிருந்த வேளையில், கே கேமன் என்ற விளம்பரத்துறையாளர் வோல்ட் டிஸ்னியின் நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். டிஸ்னியின் கதாபாத்திரங்களைப் பொருட்களில் பயன்படுத்துவதற்கான உரிமத்தை ஏனைய உற்பத்தியாளர்களுக்கு வழங்குவதே அவரது பணி. மறு ஆண்டு வெளிவந்த மிக்கி மவுஸ் கைக்கடிகாரம் அமோகமாக விற்பனையானது. திரையில் தோன்றும் உருவத்தைவிட அந்த உருவம் பதித்த பொருள் அதிக காலம் பணம் தரும் என்பதை இந்தத் துறை அப்போதுதான் கற்றுக்கொண்டது.

டிஸ்னியின் முதலாவது முழுநீளச் சித்திரப் படமான 'ஸ்நோ வைட்' 1937 டிசெம்பர் 21ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. படம் தோல்வியடையும் எனத் திரையுலகில் பலர் ஏளனம் செய்திருந்தனர். கேமன் அதைப் பொருட்படுத்தவில்லை. படம் நாடெங்கும் திரைக்கு வருவதற்கு முன்பாகவே பொம்மைகளும் புத்தகங்களும் கோப்பைகளும் கடைகளுக்குச் சென்று சேர ஏற்பாடு செய்தார். ஐடியல், நிக்கபொக்கர் ஆகிய கம்பனிகள் ஸ்நோ வைட் பொம்மைகளைத் தயாரித்தன. அந்தப் பொம்மைகளைச் சிறுமிகள் குளிப்பாட்டினார்கள், தலைவாரினார்கள், கை முறிய இழுத்தார்கள், இறுதியில் குப்பையில் எறிந்தார்கள். இதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இதற்குப் பின்னர் திரும்பி வருவோம்.

'சின்டரெல்லா' 1950இலும் 'ஸ்லீப்பிங் பியூட்டி' 1959இலும் வெளிவந்தன. நீண்ட காலம்வரை ஒவ்வொரு இளவரசியும் தத்தம் கதையின் எல்லைக்குள்ளேயே வாழ்ந்தார். படம் மீண்டும் திரைக்கு வரும்போது பொம்மையும் மீண்டும் கடைக்கு வரும், படம் போனதும் பொம்மையும் போய்விடும். 1987 மார்ச் மாதம் கலிபோர்னியாவின் கிளென்டேல் நகரிலுள்ள வணிக வளாகம் ஒன்றில் முதலாவது டிஸ்னி கடை திறக்கப்பட்டபோதும் இந்த நிலையே நீடித்தது.

பனிச்சறுக்கு அரங்கில் ஒரு காட்சி

மாற்றம் வந்தது 2000ஆம் ஆண்டளவில். நைக்கி நிறுவனத்திலிருந்து வந்து டிஸ்னியின் நுகர்பொருட் பிரிவுக்குத் தலைமையேற்ற அன்டி மூனி, அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் நடந்த டிஸ்னி பனிச்சறுக்குக் காட்சி ஒன்றுக்குச் சென்றார். அனுமதிச் சீட்டு வாங்கும் வரிசையில் தாய்மாருடன் நின்ற சிறுமிகள் தலை முதல் கால் வரை இளவரசி வேடத்தில் இருந்தனர். ஆனால், அவர்கள் அணிந்திருந்த உடைகள் எவையும் டிஸ்னி தயாரித்தவை அல்ல. வீட்டில் தைத்தவையும் சாதாரணக் கடைகளில் வாங்கியவையுமே அவை.

தன் பிள்ளைக்குத் தாய் இருப்பதைக் கொண்டு ஒரு சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறாள். சாதாரண மனிதன் அதில் அன்பைக் கண்டிருப்பான். மூனி கண்டது நிரப்பப்படாத சந்தையை. மறுநாளே அவரது குழு வேலையைத் தொடங்கியதாக அவரே பின்னர் கூறியிருக்கிறார். வெவ்வேறு கதைகளில், வெவ்வேறு காலங்களில் பிறந்த நாயகிகள் ஒரே பெயரின் கீழ், ஒரே நிறத்தின் பின்னணியில் அணிவகுத்து நிறுத்தப்பட்டனர். புதிய படம் எதுவும் எடுக்கப்படவில்லை.

இதை எதிர்த்தவர்களில் ஒருவர் வோல்ட் டிஸ்னியின் சகோதரர் மகனான றோய் டிஸ்னி. தனித்தனிக் கதைகளுக்கு உரியவர்களை ஒன்றாக நிறுத்துவது அந்தக் கதைகளைக் கெடுத்துவிடும் என்பது அவரது வாதம். இறுதியில் ஒரு விசித்திரமான ஏற்பாடு செய்யப்பட்டது. இளவரசிகள் ஒரே படத்தில் தோன்றினாலும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு திசையில் பார்த்தபடி நிற்பார்கள். பக்கத்தில் இன்னொருத்தி நிற்பதை அறியாதவர்கள் போல. ஆரம்ப காலப் பெட்டிகளையும் பைகளையும் பார்த்தால் இதைக் காணலாம்.

இளவரசி என்ற பட்டம் எப்படி வழங்கப்பட்டது என்பதும் கவனத்துக்குரியது. சீனப் படைவீராங்கனை முலான் அரச குடும்பத்தில் பிறந்தவளும் அல்லள், அரச குடும்பத்தில் மணம் முடித்தவளும் அல்லள். ஆயினும் பட்டியலில் இடம்பெற்றாள். டிங்கர் பெல் என்ற தேவதைச் சிறுமி முதலில் சேர்க்கப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டாள். முடிசூட்டியது அரண்மனை அல்ல, விற்பனைப் பிரிவு.

2001இல் 300 மில்லியன் டொலராக இருந்த இளவரசிப் பொருட்களின் விற்பனை 2006இல் மூன்று பில்லியன் டொலரை எட்டியது. அப்போது 25,000க்கும் மேற்பட்ட பொருட்கள் சந்தையில் இருந்தன. அதே ஆண்டு டிசெம்பரில் பெகி ஓரென்ஸ்டீன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 'நியூயோர்க் டைம்ஸ்' சஞ்சிகையில் இதைக் கேள்விக்குள்ளாக்கி எழுதினார். தன் மகளின் உலகம் முழுவதையும் ஒரே நிறமும் ஒரே கனவும் விழுங்கிக்கொண்டிருப்பதாக அவர் கவலைப்பட்டார். 2011இல் அது நூலாகவும் விரிந்தது. 2013இல் மெரிடா என்ற வில்வித்தை வீராங்கனையை மெல்லிடையும் மினுக்கும் கொண்டவளாக மாற்றி வரைந்தபோது, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு எதிர்த்தனர். அந்தப் பாத்திரத்தைப் படைத்த இயக்குநர் பிரெண்டா சப்மனும் பகிரங்கமாகக் கண்டித்தார்.

குழந்தையிலிருந்து சேகரிப்பாளருக்கு

சிறுமி ஒருத்தி ஆறேழு வயதில் இளவரசிகளை மறந்து விடுகிறாள். வளர்ந்தவர்கள் மறப்பதில்லை, அவர்களிடம் சம்பளமும் உண்டு. 2011இல் டிஸ்னி கடைகள் பத்து இளவரசிகளைக் கொண்ட ஒரு சிறப்புத் தொகுதியை வெளியிட்டன. நவநாகரிக ஆடை அலங்காரம், கண்ணாடி போன்ற பெட்டி, ஒவ்வொன்றுக்கும் இலக்கம், மட்டுப்படுத்தப்பட்ட எண்ணிக்கை. பொம்மைகள் ஒரே நாளில் வராமல் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஒன்றை வாங்கியவர் பத்தையும் வாங்காமல் அமைதியடைய முடியாது என்பதே இத்தகைய தொகுதிகளின் சூட்சுமம்.

பாண் வரிசைக்கும் பொம்மை வரிசைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். பாண் தட்டுப்பாடு ஓர் அரசாங்கத்தின் தோல்வி. பொம்மைத் தட்டுப்பாடோ திட்டமிட்ட வெற்றி. ஒரு பொம்மையை வார்க்கும் அச்சு இன்னும் பல்லாயிரம் பொம்மைகளையும் வார்க்கக்கூடியது. அதை நிறுத்தி வைப்பதுதான் அதன் விலை.

மெய்யான இளவரசியின் பொம்மை

கற்பனை இளவரசிகளுக்கு மட்டுமல்ல, மெய்யான இளவரசி ஒருவருக்கும் இது நேர்ந்தது. 1997 ஓகஸ்ட் 31ஆம் திகதி டயானா பாரிஸில் விபத்தில் உயிரிழந்தார். அவர் பெயரால் நிறுவப்பட்ட நினைவு நிதியத்துக்கு உலகெங்கிலுமிருந்து பணம் குவிந்தது. அந்த ஆண்டின் இறுதிப் பகுதியில் டை என்ற அமெரிக்க பொம்மைக் கம்பனி ஊதா நிறக் கரடிப் பொம்மை ஒன்றை 'பிரின்சஸ்' என்ற பெயரில் அறிவித்து, இலாபத்தை அந்த நிதியத்துக்கு வழங்குவதாகக் கூறியது. ஆரம்பத்தில் ஒரு கடைக்குப் பன்னிரண்டு கரடிகளே கிடைத்தன. மக்கள் முண்டியடித்தனர். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு உதவும் என்று நம்பி கண்ணாடிப் பேழையில் பூட்டி வைத்தவர்களும் உண்டு. பின்னர் கரடிகள் ஏராளமாகத் தயாரிக்கப்பட்டன. இன்று அவற்றில் மிகப் பெரும்பாலானவை சில டொலர்களுக்கே விலை போகின்றன.

பிராங்க்ளின் மின்ற் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பனி டயானாவின் உருவில் பொம்மைகளையும் தட்டுகளையும் விற்றது. நினைவு நிதியம் 1998இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது, 2000ஆம் ஆண்டில் தோற்றது, மேன்முறையீட்டிலும் தோற்றது. தீய நோக்குடன் தம்மீது வழக்குத் தொடரப்பட்டது என்று கம்பனி திருப்பி வழக்கிட்டது. 2003ஆம் ஆண்டில் நிதியம் தனது கொடைகளை முடக்கி வைக்க நேர்ந்தது. 2004இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் அறப்பணிகளுக்கு நிதியம் 13.5 மில்லியன் பவுண் செலுத்துவது என்று இணக்கம் காணப்பட்டது.

டயானா தமது இறுதி ஆண்டில், அங்கோலாவின் மிதிவெடி வயல் ஒன்றில் தலைக்கவசத்துடன் நடந்து சென்றவர். மிதிவெடியால் பாதிக்கப்பட்டோருக்கு உதவியது அவரது நிதியத்தின் பணிகளில் ஒன்று. மிதிவெடி என்றால் என்ன என்பதை இலங்கைத் தமிழருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு பொம்மையின் உருவம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கினால் அப்படிப்பட்ட நிதியத்தின் கதவு சில காலம் மூடிக் கிடந்தது என்பதைப் படித்தபோது, லண்டன் வரிசையில் நான் கண்ட காகிதப் பட்டிகள் நினைவுக்கு வந்தன.

பெறுமதி எங்கே இருக்கிறது?

இப்போது 1938இன் பொம்மைகளுக்குத் திரும்பி வருவோம். பழைய ஸ்நோ வைட் பொம்மைகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். அவை அரிதானவை. ஏன் அரிதாயின? எவரும் அவற்றுக்கு இலக்கமிட்டு அரிதாக்கவில்லை. சிறுமிகள் விளையாடி உடைத்தார்கள், ஆகவே எஞ்சியவை அரிதாயின. எல்லோரும் பெட்டி திறக்காமல் பாதுகாக்கும் பொருள் எல்லா வீட்டிலும் பத்திரமாக இருக்கும். எல்லா வீட்டிலும் இருக்கும் பொருளுக்கு யார் அதிக விலை கொடுப்பார்? ஊதாக் கரடி சொன்ன பாடம் இதுதான்.

2021இல் டிஸ்னி நிறுவனம் வட அமெரிக்காவில் குறைந்தது அறுபது கடைகளை மூடப்போவதாக அறிவித்தது. மடக்குக் கதிரையுடன் விடியுமுன் நின்றவர்களில் பலர் இப்போது கணினித் திரையின் முன் இணைய வரிசையில் நிற்கிறார்கள். அங்கே தேநீரைப் பகிர்ந்து கொள்ளவோ, தன் சிறுவயதைப் பற்றிச் சொல்லவோ பக்கத்தில் எவரும் இல்லை. அந்தத் தாதியை நான் நினைத்துக் கொள்கிறேன். அவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. கிடைக்காமல் போன ஒன்றை, காலம் கடந்தாலும் கைக்கொள்ள விரும்புவது மனித இயல்பு. அந்த ஏக்கத்துக்கு இலக்கமிட்டு விற்பவர்களைப் பற்றியே என் கேள்வி.

அண்மையில் மருமகளின் வீட்டுக்கு மீண்டும் சென்றிருந்தேன். பேத்தி பல்கலைக்கழகம் செல்லும் வயதுக்கு வந்துவிட்டாள். பெட்டி அதே அலுமாரியின் உச்சியில், முன்னர் இருந்த இடத்திலேயே இருந்தது. இனித் திறக்கலாமே என்றேன். "இப்ப திறந்து என்ன செய்யிறது, தாத்தா?" என்று கேட்டாள்.

பெட்டியின் பின்புறத்திலுள்ள இலக்கம் அவளுக்கு மனப்பாடம். என்னிடம் ஒப்புவித்தும் காட்டினாள். அந்தப் பொம்மையின் கூந்தலை அவள் ஒருநாளும் தொட்டதில்லை.