தோட்டத்துக்குள் ஒரு சாக்லேட் ஆலை

உங்கள் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும் கேட்பரி சாக்லேட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு.

ரிச்சர்டு, ஜார்ஜ் என்ற கேட்பரி சகோதரர்கள் பர்மிங்காம் நகரின் நெரிசலை விட்டு, 1879-இல் நான்கு மைல் தள்ளி வயல்வெளியில் ஆலையை அமைத்தார்கள். அதுதான் போர்ன்வில். பிறகு ஜார்ஜ் தன் சொந்தப் பணத்தில் அங்கே வீடுகள் கட்டினார். வீட்டுக்கு வீடு தோட்டம், அதில் பழமரங்கள். 1900-இல் 313 வீடுகளையும் 330 ஏக்கர் நிலத்தையும் அறக்கட்டளைக்கே எழுதிவைத்தார். நிலத்தில் பத்தில் ஒரு பங்கு பூங்காவுக்கு! (நம்மூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் என்னவாகிறது என்று நான் சொல்ல வேண்டுமா?)

சரி, கோகோ எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு, போர்ச்சுக்கல் ஆண்ட சாவோ தோமே தீவிலிருந்து. அங்கே உழைத்தவர்கள் அங்கோலாவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 1901-லேயே நிறுவனத்துக்குச் செய்தி எட்டிவிட்டது. விசாரிக்க ஆள் அனுப்பினார்கள், போர்ச்சுக்கீசியரிடம் பேசினார்கள். ஆனால் வாங்குவதை நிறுத்தியது 1909-இல்தான். தோட்ட வீடு கட்டிக்கொடுத்த கைக்கு எட்டு ஆண்டு தயக்கம் ஏன் என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இதைச் சாடி எழுதிய லண்டன் பத்திரிகை மீது அவதூறு வழக்குப் போட்டு, அதே ஆண்டு வென்றார்கள். ஜூரிகள் கொடுக்கச் சொன்ன நஷ்டஈடு ஒரு ஃபார்திங். அதாவது, கால் பென்னி.