மாவட்ட இளைஞர் மன்றம்: தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு

கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுவதென்றாலும், வெள்ளத்தில் சிக்கியவர்களுக்குப் பொருள் சுமப்பதென்றாலும் முதலில் வந்து நிற்பவர்கள் இளைஞர்கள்தான். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியபோது படகிலும் நடந்தும் உணவு கொண்டுசென்ற தன்னார்வலர்களில் இளைஞர்கள் பலர். வேலை முடிந்ததும் கலைந்துவிடும் இந்த உழைப்பை ஆண்டு முழுவதும் நிலைக்கச் செய்ய ஓர் அமைப்பு தேவை.

நாட்டில் அதற்கான ஏற்பாடு பழையது. மலேசிய இளைஞர் மன்றம் (மஜ்லிஸ் பெலியா மலேசியா) 1948இல் தொடங்கப்பட்டது. மாநிலத்திலும் மாவட்டத்திலும் அதற்கு இணையான மன்றங்கள் உள்ளன. இவை இளைஞர் அமைப்புகளின் கூட்டமைப்புகள். பதிவு பெற்ற அமைப்பு உறுப்பியம் பெற்று, தன் பேராளரை அனுப்புகிறது. தமிழர்களுக்கு இது புதிதல்ல. 1950களில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி வளர்த்த மாணவர் மணிமன்றத்தின் வழிவந்த இளைஞர் மணிமன்றங்கள் பல தோட்டங்களில் படிப்பகமும் நாடகமும் நடத்தின.

இளைஞர் அமைப்புகள் இப்போது 2007ஆம் ஆண்டின் 668ஆவது சட்டத்தின் கீழ், இளைஞர் சங்கப் பதிவாளரிடம் பதிவு பெறுகின்றன. பதிவு இருந்தால் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கலாம், மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். பதிவில்லாத குழு எவ்வளவு உழைத்தாலும், செலவு யாரோ ஒருவரின் கைக்காசில்தான் போய் முடியும்.

பணியைத் தொடங்கும் முறை எளியதே. முதலில் குடியிருப்பின் தேவையைக் கேட்டறிய வேண்டும். எஸ்பிஎம் மாணவர்க்கு மாலை வகுப்பா, கோத்தோங் ரோயோங்கா, இரத்த தான முகாமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நோக்கம், நாள், செலவு ஆகியவற்றை மலாயில் செயல்திட்ட அறிக்கையாக எழுதி மாவட்ட மன்றத்திடமும் மாவட்ட இளைஞர், விளையாட்டு அலுவலகத்திடமும் கொடுக்கலாம். தோட்டம் தனியார் நிலம் என்பதால் மேலாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குவது நல்லது. பணி முடிந்ததும் ரசீதுகளோடு கணக்கு கொடுத்தால், அடுத்த முறை கேட்பதற்கு முகம் இருக்கும்.

இதில் அவசரமும் உண்டு. 668ஆவது சட்டத்தில் இளைஞர் வயது 15 முதல் 40 வரை என்றிருந்தது. 2019இல் நிறைவேறிய திருத்தம் உச்ச வரம்பை 30 ஆக்கியது. 2026 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வருமென அரசாங்கம் அறிவித்தது. பல ஆண்டுகள் ஒருவரே தலைவராக இருந்த சங்கங்களுக்கு இது சோதனை. பொறுப்பேற்க ஆள் தயாராக இல்லாவிட்டால் சங்கமே முடங்கிவிடும்.

ஆகவே 18 வயதுப் பிள்ளையை நாற்காலி அடுக்க மட்டும் அழைக்காமல், கூட்டக் குறிப்பு எழுதவும் கணக்கு பார்க்கவும் இன்றே பழக்க வேண்டும். மூத்தவர்கள் ஆலோசகர்களாகப் பக்கத்தில் இருந்தால் போதும். மாவட்ட மன்றத்தில் தோட்டத்தின் பேராளர் நாற்காலி காலியாக இருந்தால், தோட்டத்தின் தேவையைப் பேச அங்கே வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.