நகரத்துக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடம்

கல்கத்தாவின் தென்பகுதியாகிய பவானிபூரில் 'சவுத் சபர்பன் ஸ்கூல்' என்றொரு பழைய உயர்நிலைப் பள்ளி உண்டு. தமிழில் தென் புறநகர்ப் பள்ளி என்று பெயர்த்துச் சொல்லலாம். ஆனால் பெயரை நம்பி அங்கே சென்று புறநகரைத் தேடுபவர் ஏமாந்து போவார். நெருக்கமான மாடி வீடுகளும், வியாபார வீதிகளும், நிலத்தடி ரயில் நிலையமுமாக நகரின் நடுவே இருப்பது போன்ற தோற்றமே பவானிபூருக்கு இன்று உள்ளது. ஊர் மாறிவிட்டது, பள்ளியின் பெயர் மட்டும் பழைய எல்லைக்கு அப்பாலேயே நிற்கிறது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தப் பெயரில் தனியான ஈடுபாடு உண்டு. 'சபர்ப்' என்னும் சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. நகரத்தின் அடியில், அதாவது அதை ஒட்டி, இருப்பது என்று பொருள். நம்முடைய சொல்லோ அதை நகருக்குப் புறம் என்கிறது. மதுரை நகருக்குள் புகுமுன் கோவலனும் கண்ணகியும் தங்கிய இடத்தைச் சிலப்பதிகாரம் புறஞ்சேரி என்றே குறிக்கும். ஒட்டியிருப்பதா, வெளியே இருப்பதா? பவானிபூரைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு விடை காண ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

மராட்டியப் படையெடுப்புக்கு அஞ்சிக் கல்கத்தாவாசிகள் 1742-இல் ஊரைச் சுற்றி ஓர் அகழி வெட்டத் தொடங்கினர். அகழி முற்றுப்பெறவில்லை, படையும் வரவில்லை. 1799-இல் அதைத் தூர்த்துச் சர்க்குலர் சாலை அமைத்தார்கள். அச்சாலைக்கு உட்புறம் நகரம். வெளிப்புறம் 'பஞ்சான்ன கிராமம்' எனப்பட்ட ஐம்பத்தைந்து கிராமங்கள். காளி கோயிலுக்குச் செல்லும் யாத்திரிகர்களின் பாதையில் இருந்த பவானிபூரும் வெளிப்புறத்தைச் சேர்ந்ததே. சதர் திவானி அதாலத் என்னும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பக்கம் அமைந்திருந்தமையால் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் அங்கே வீடு கட்டிக் குடியேறினர். அந்த நீதிமன்றம் 1862-இல் ஹைக்கோர்ட்டோடு கலந்து மறைந்தது. வக்கீல் குடும்பங்கள் பவானிபூரை விட்டுப் போகவில்லை.

அவ்வூரில் 1824-இல் பிறந்தவர் ஹரிச்சந்திர முகர்ஜி. வறுமையினால் படிப்பைப் பாதியில் நிறுத்தி, ராணுவத் தணிக்கை அலுவலகத்தில் குமாஸ்தாவானார். ஓய்வு நேரத்தில் தாமே படித்துத் தேர்ந்து, 'ஹிந்து பேட்ரியட்' பத்திரிகையின் ஆசிரியராகி, அவுரித் தோட்டக்காரர்களின் கொடுமைக்கு ஆளான குடியானவர்களுக்காக எழுதினார். 1861-இல், நாற்பது வயது நிரம்புமுன்பே, மறைந்துவிட்டார். அலுவலகத்தில் கோப்புப் புரட்டும் நம் போன்றவர்கள் அவரை நினைக்கும்போது பெருமையும் கூச்சமும் ஒருங்கே தோன்றுகின்றன.

கல்வியின் செல்வமெல்லாம் அன்று வடக்கே குவிந்து கிடந்தது. ஹிந்துக் கல்லூரி, ஹேர் பள்ளி, சம்ஸ்கிருதக் கல்லூரி, பிரஸிடென்ஸி கல்லூரி ஆகிய யாவும் கல்லூரித் தெருவின் சுற்றுவட்டத்திலேயே இருந்தன. 1857-இல் சர்வகலாசாலை ஏற்பட்ட பின்னர், அதன் 'என்ட்ரன்ஸ்' பரீட்சையே உத்தியோகத்துக்கும் மேற்படிப்புக்கும் வாயிலாயிற்று. புறநகர்ப் பையனை அந்த வாயில் வரை கொண்டுபோய் விடும் நல்ல பள்ளி அவன் வீட்டருகே வேண்டியிருந்தது. தென் புறநகர்ப் பள்ளி நிறைவேற்றிய தேவை இதுதான்.

1874-இல் அதன் தலைமையாசிரியராக வந்தவர் சிவநாத் சாஸ்திரி. வயது இருபத்தேழு. சம்ஸ்கிருதக் கல்லூரியில் எம்.ஏ. தேறியவர், வைதிகக் குடும்பத்தில் பிறந்தும் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்து பூணூலைக் களைந்தவர், அதன் காரணமாகத் தந்தையால் வீட்டைவிட்டு விலக்கப்பட்டவர். இத்தகைய ஒருவர் காளிகட்டத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பள்ளித் தலைமை ஏற்றார் என்பது அக்கால வங்காளத்தின் போக்கை நமக்கு நன்கு விளக்குகிறது. அவர் அங்கு நெடுங்காலம் இருக்கவில்லை. 1876-இல் ஹேர் பள்ளிக்குச் சென்றார். 1878-இல் அரசாங்க வேலையையும் உதறிவிட்டுச் சாதாரண பிரம்ம சமாஜத்தை நிறுவியவர்களுள் ஒருவரானார். அடுத்த ஆண்டு ஆனந்த மோகன் போஸ் முதலியோருடன் சேர்ந்து ஸிட்டி பள்ளியைத் தோற்றுவித்தார். புறநகர்ப் பள்ளியை நடத்தியவர் நகரப் பள்ளி என்று பெயர் சூட்டியது தற்செயலாகவே இருக்கலாம். எனினும் பெயர்களைக் கவனிப்பது என் பழக்கம்.

அதே 1879-இல் தென் புறநகர்ப் பள்ளி மாணவர் ஒருவர் என்ட்ரன்ஸ் பரீட்சையில் சர்வகலாசாலை முழுவதிலும் இரண்டாவதாகத் தேறினார். பவானிபூர் டாக்டர் கங்கா பிரஸாத் முகர்ஜியின் மகன் ஆசுதோஷ்தான் அவர். கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்ற இவருக்குக் கல்வி இலாகாவில் வேலை தர முன்வந்தார்கள். வெள்ளையருக்குச் சமமான அந்தஸ்து வேண்டும் என்றார், கிடைக்கவில்லை, சட்டம் பயின்றார். 1904-இல் ஹைக்கோர்ட் நீதிபதியாகவும் 1906-இல் சர்வகலாசாலையின் துணைவேந்தராகவும் ஆனார். பின்னது சம்பளமில்லாத பதவி. எந்த இலாகா இவருக்குச் சம இடம் தர மறுத்ததோ, அதற்கு மேலான இடத்திலிருந்து வங்கக் கல்வியை இவர் நடத்தினார்.

தமிழர்கள் இவருக்குக் கடமைப்பட்டிருக்கிறார்கள். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1907 முதல் நிதித் துறை அதிகாரியாகப் பணிபுரிந்து, மாலையிலும் அதிகாலையிலும் பௌபஜார் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானம் செய்துகொண்டிருந்தார். பாலித் பேராசிரியர் பதவிக்கு அவரை அழைத்தார் ஆசுதோஷ். பதவி ஏற்பவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்று அறக்கட்டளை விதி கூறியது. ராமன் போக மறுத்தார். ஆசுதோஷ் ராமனை விடாமல் விதியைத் தளர்த்தினார். 1917-இல், குறைந்த சம்பளத்துக்கு, ராமன் பேராசிரியரானார். 1921-இல் மைசூரிலிருந்து தத்துவப் பேராசிரியராக அழைக்கப்பட்டவர் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன். ஆள் எந்த ஊர் என்று பாராமல் ஆற்றலை மட்டும் பார்த்த அந்தக் கண்ணுக்கும், எல்லைக்கு வெளியேயிருந்து படித்து வந்த இளமைக்கும் தொடர்பு உண்டு என்றே நான் கருதுகிறேன். இதற்குச் சான்று காட்ட இயலாது, கருத்தாகவே கொள்ளுங்கள்.

இதற்கிடையே பள்ளியின் பெயர் பொருளிழக்கத் தொடங்கியது. 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பவானிபூர் கல்கத்தா நகராட்சியோடு இணைந்தது. 1902-இல் காளிகட்டத்துக்கு மின்சார டிராம் ஓடிற்று. ஆனால் சொல் சாகவில்லை. 1916-இல் அங்கே எழுந்த கல்லூரிக்கும் தென் புறநகர்க் கல்லூரி என்றே பெயரிட்டனர். 1924-இல் ஆசுதோஷ் மறைந்த பின் அது ஆசுதோஷ் கல்லூரியாயிற்று. ஊராட்சி ஏடுகளிலோ 'தென் புறநகர்' மேலும் தெற்கே நகர்ந்து பெஹாலாவில் தங்கியது. 1984-இல் அந்த நகராட்சியும் மாநகராட்சியில் கரைந்தது. அதே ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி இந்தியாவின் முதல் நிலத்தடி ரயில் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூருக்கு ஓடத் தொடங்கியது. அன்று பவானிபூர் என்று பெயர் கொண்டிருந்த அந்த நிலையம் பின்னர் நேதாஜி பவன் ஆகிவிட்டது.

பள்ளி இன்னும் பழைய பெயரிலேயே வழங்குகிறது. கிளைப் பள்ளி ஒன்றும் உள்ளமையால் 'மெயின்' என்ற சொல்லை மட்டும் கூட்டிக்கொண்டது. இங்கே படித்துத் தேறித் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாய் அமர்ந்த அருண் குமார் சட்டர்ஜி என்ற பவானிபூர் இளைஞரைப் பின்னர் வங்காளம் முழுவதும் உத்தம் குமார் என்று அறிந்தது. சட்டமேதை ஆசுதோஷையும் சினிமா நடிகர் உத்தம் குமாரையும் ஒரே பள்ளியின் பழைய மாணவர்களாகச் சொல்லிக்கொள்வதில் பவானிபூர்வாசிகளுக்குச் சற்றும் கூச்சமில்லை.