குண்டு வகுத்த எல்லை: தேவனாம்பட்டினக் கோட்டையும் கோளத்தின் இயக்கக் கணக்கும்

முன்னுரை

கடலூர் முதுநகருக்கு வடக்கே, கெடிலம் ஆறு கடலோடு கலக்கும் பகுதியை அடுத்துள்ள தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை அமைந்திருந்தது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனி 1690ஆம் ஆண்டில் இக்கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையின் ஆளுநராக இருந்தவர் எலிகு யேல். கோட்டையுடன் சேரும் நிலத்தின் எல்லை, பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவால் வரையறுக்கப்பட்டது. பல திசைகளிலும் பீரங்கி சுடப்பட்டது. வீச்சுக்குள் அடங்கிய ஊர்கள், கடலூர் உட்பட, கும்பெனியின் வசமாயின. அவை 'குண்டு கிராமங்கள்' என வழங்கப்பட்டன. குண்டு உப்பலவாடி என இன்றும் வழங்கும் ஊர்ப்பெயர் இத்தொடர்பில் ஆராயத்தக்கது. இவ்வெல்லை தற்செயலாக அமைந்ததா என்பதே இக்கட்டுரையின் வினா.

'ராண்டம்' என்னும் சொல்

விற்பனை உடன்பாடு 'ராண்டம் ஷாட்' என்னும் தொடரை ஆள்கிறது. இதனை இன்றைய வழக்கின்படி 'குறியின்றிச் சுடுதல்' எனப் பொருள்கொள்வது பொருந்தாது. அக்காலப் பீரங்கிக் கலையில் அச்சொல், குழலை உயர்த்திச் சுடும்போது கிட்டும் நெடுவீச்சைக் குறித்தது. சென்னையிலிருந்து சென்ற அறிவுறுத்தலும், மிகுந்த பயன் கிட்டுமாறு மருந்திட்டுச் சுடுவதைப் பீரங்கியாளரின் திறத்திற்கே விட்டது.

கோளமும் காற்றுத்தடையும்

எறிபொருள் பரவளையப் பாதையில் செல்லும் என்பதைக் கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். காற்றுத்தடை இல்லையெனில் 45 பாகைச் சாய்வில் வீச்சு மிகும். ஆயின் காற்றில் செல்லும் குண்டின் எடை விட்டத்தின் முப்படிக்கும், அதன்மீதான தடை ஏறத்தாழ விட்டத்தின் இருபடிக்கும் ஏற்ப அமையும். விட்டம் இருமடங்கானால் எடை எட்டு மடங்காகும். அதே வேகத்தில் தடை நான்கு மடங்கே ஆகும். எனவே பெரிய குண்டு வேகத்தை மெதுவாகவே இழந்து நெடுந்தொலைவு செல்லும். நிலப்பரப்போ வீச்சின் இருபடிக்கு ஏற்ப விரியும். வீச்சு ஐந்தில் ஒரு பங்கு கூடினால் பரப்பு 44 விழுக்காடு கூடும். ஆகவே பீரங்கி, குண்டு, மருந்து, சாய்வு ஆகியவற்றைத் தேர்ந்த தரப்பே நிலத்தின் அளவையும் தேர்ந்தது.

இராபின்ஸும் கோட்டையும்

காற்றுத்தடையைச் சோதனை வழி அளந்தவர் பெஞ்சமின் இராபின்ஸ். ஊசல் கொண்டு குண்டின் வேகத்தைக் கணித்த அவரது பீரங்கியியல் நூல் 1742இல் வெளிவந்தது. நொடிக்கு 1,700 அடி வேகத்தில் செல்லும் துப்பாக்கிக் குண்டு, பரவளையக் கணக்கின்படி 17 மைல் செல்லவேண்டும். நடைமுறையில் அரை மைலும் எட்டுவதில்லை என்று அவர் காட்டினார். ஆய்லர் 1745இல் அந்நூலை விரிவான உரையுடன் ஜெர்மனில் பெயர்த்தார். கும்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750இல் இந்தியா வந்த இராபின்ஸ், 1751 ஜூலை 29 அன்று இதே செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார்.

முடிவுரை

1690இல் குண்டின் வீச்சை முன்கூட்டிக் கணிக்கும் நிறைவான முறை எத்தரப்பிடமும் இல்லை. சுட்டுப் பார்ப்பதே தீர்வாக இருந்தது. அத்தீர்வும் நடுநிலையானதன்று, அளவுகோல் வாங்குவோரின் கையில் இருந்தது. அளக்கப்பட்ட ஊர்களில் வாழ்ந்தோர்க்கு அதில் பங்கில்லை. ஆகவே குண்டு கிராமங்களைத் தற்செயலின் விளைவாகக் கூறும் வழக்கு மறுபரிசீலனைக்கு உரியது.