கோட்டையிலிருந்து குப்பத்துக்கு: பழவேற்காட்டில் முன்மாதிரிவழி விசுவாசக் கல்வியின் வரலாறு

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே அமைந்த பழவேற்காடு போர்த்துக்கேயர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என மூன்று ஐரோப்பிய அரசுகளின் கையில் அடுத்தடுத்து இருந்த ஊர். இங்கே கிறிஸ்தவத்துக்கு ஐந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. ஆனால் அந்த அரசுகளின் நிழலில் வந்த சபைகள் எல்லாம் ஒன்றுபோல் வேர்பிடிக்கவில்லை. மகிமை மாதா திருத்தலத்தில் இன்றும் திருவிழா நடக்கிறது; டச்சுச் சபையின் அடையாளமாகக் கல்லறைகளே எஞ்சியுள்ளன. இந்த வேறுபாட்டுக்கு அரசியல் காரணங்கள் பல உண்டு. அவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய இன்னொரு காரணத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது. கற்பித்தவர் தம் வாழ்க்கையை இளையோரின் கண்முன் வைத்த இடங்களில் விசுவாசம் தலைமுறை கடந்தது. அதிகாரத்தை மட்டும் நம்பிய போதனை அந்த அதிகாரத்தோடு மறைந்தது.

வணிகர் கோயிலும் கடலோரச் சிறுவர்களும்

போர்த்துக்கேய வணிகர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் குடியேறினர். மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கம் 1515 எனக் கொள்ளப்படுகிறது. 1517இல் மலாக்காவிலிருந்து வந்து இங்கே இறங்கிய போர்த்துக்கேயர் சிலர், ஆர்மீனிய வணிகர் வழிகாட்ட, மயிலாப்பூரிலுள்ள புனித தோமையாரின் கல்லறையைக் காணச் சென்றனர். அந்நாளைய ஆலயம் முதன்மையாக வணிகருக்கும் கப்பலோட்டிகளுக்குமான வழிபாட்டிடமாக இருந்தது.

கடலோர மக்களின் பிள்ளைகளை மையமாக வைத்த போதனையின் தெளிவான சான்று தெற்கே முத்துக்குளித்துறையில் கிடைக்கிறது. 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து முதலில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தனர். நோயுற்றோர் வீடுகளுக்குத் தமக்குப் பதிலாகச் சிறுவர்களை அனுப்பியதையும் அவரே தம் கடிதங்களில் எழுதுகிறார். ஊர்தோறும் கணக்கப்பிள்ளை எனப்பட்ட உள்ளூர்ப் பொறுப்பாளரை அமர்த்தி, அவர்களது ஊதியத்துக்காகப் போர்த்துகல் அரசியின் வருவாயிலிருந்து ஆண்டுக்கு நாலாயிரம் பணம் பெற்றார். வெளியிலிருந்து வரும் குரு சில நாளில் போய்விடுவார். கணக்கப்பிள்ளையோ அதே தெருவில் குடியிருப்பவர். அவருடைய சொல்லையும் நடத்தையையும் பிள்ளைகள் அன்றாடம் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பிற்காலத்தில் தமிழகச் சபைகள் அனைத்தும் நம்பியிருந்த உபதேசியாருக்கு இவரே முன்னோடி.

கெல்திரியா கோட்டையின் முரண்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டையைக் கட்டி முடித்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கடற்கரையில் கம்பெனியின் தலைமை இக்கோட்டையிலேயே இருந்தது. இங்கு 1632 முதல் 1642 வரை குருவாகப் பணியாற்றியவர் ஆபிரகாம் ரோஜெரியஸ். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து அவர் எழுதிய நூல், அவரது மறைவுக்குப் பின் 1651இல் வெளியானது. வடமொழிக் கவிஞர் பர்த்ருஹரியின் செய்யுள்கள் முதன்முதலாக ஓர் ஐரோப்பிய மொழியில் வந்தது அந்நூலில்தான். அண்டை வீட்டாரின் சமயத்தை அவர்களிடமே பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட அவரது பண்பு போற்றத்தக்கது.

ஆனால் அதே கம்பெனி அதே நூற்றாண்டில், பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய ஆயிரக்கணக்கான மக்களை இத்துறைமுகத்திலிருந்து அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றுமதி செய்தது. கோட்டைக்குள் வேதவசனம், கோட்டைக்கு வெளியே அடிமைக் கப்பல். இந்த முரணை எந்தப் பிரசங்கத்தாலும் மூடியிருக்க முடியாது.

இலங்கையில் இதே கம்பெனி ஆலயப் பள்ளிகளைப் பரப்பியது, வருகையைக் கட்டாயமாக்கியது, ஞானஸ்நானத்தை அரசு வேலைக்குத் தகுதியாக்கியது. 1796இல் ஆட்சி கைமாறியதும் பெயரளவில் சேர்ந்திருந்தோர் பெருந்தொகையாக விலகினர். அதே டச்சு ஆட்சியின் தடைக்கு நடுவே, 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர் யோசேப் வாஸ் அடிகள். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளுக்குத் தம் கையாலேயே பணிவிடை செய்தார். எந்த ஐரோப்பிய அரசின் பாதுகாப்பும் இல்லாமல் அவர் வளர்த்த சபை நிலைத்தது.

அகதியாக வந்த ஆசிரியர்

பழவேற்காட்டின் கிறிஸ்தவ வரலாற்றில் அடுத்த முக்கிய ஆண்டு 1746. அவ்வாண்டு பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. அங்கே ஊழியம் செய்துவந்த ஜெர்மானியரான யோகான் பிலிப் பப்ரிசியுஸ் பழவேற்காட்டில் டச்சுக்காரரிடம் அடைக்கலம் புகுந்தார். 1749இல் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் வசமானதும் வேப்பேரியில் பணியைத் தொடர்ந்தார். மணம் செய்துகொள்ளாமல், எளிய வாழ்வு வாழ்ந்து, தம் உழைப்பையெல்லாம் தமிழுக்குத் தந்தவர். அவரது புதிய ஏற்பாடு 1772இலும் தமிழ்–ஆங்கில அகராதி 1779இலும் அச்சேறின. அவர் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளைத் தலைமுறைகள் சிறுவயதிலேயே பாடி வளர்ந்தன.

முதுமையில் அவர் பணவிவகாரத்தில் தவறினார். பிறர் நம்பிக் கொடுத்த தொகைகளைக் கடனாகக் கொடுத்து, அவை திரும்பாமல், தாமே கடன் சிறைக்குச் சென்றார். 1791இல் மறைந்தார். இதை மறைத்து எழுதும் வரலாறு இளையோருக்கு உதவாது. முன்மாதிரியாக நிற்பவரின் பணக்கணக்கும் அவருடைய சாட்சியின் ஒரு பகுதி என்பதை அவரது வாழ்வு கசப்போடு கற்பிக்கிறது.

அவரைப் போலவே ஜெர்மனியிலிருந்து மிஷனரியாக வந்த சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சையில் இப்பாடத்தின் மறுபக்கத்தைக் காட்டினார். பன்னிரண்டு வயதளவில் தம்மிடம் வந்த வேதநாயகத்தைத் தம்மோடு வைத்து வளர்த்தார். பிற்காலத்தில் அவர் வேதநாயகம் சாஸ்திரியார் என்ற பெரும் கவிஞரானார். சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்த இளவரசர் சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். ஆயினும் 1798இல் மறைந்த தம் ஆசானுக்குத் தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் பளிங்கு நினைவுச் சின்னம் அமைத்தார். நல்ல வாழ்க்கையின் செல்வாக்கை மதமாற்றக் கணக்கால் மட்டும் அளக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பாடும் நீதியும்

பழவேற்காடு 1825இல் முற்றிலுமாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. டச்சுக் கல்லறைகள் இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. கத்தோலிக்கப் பங்கோ மயிலாப்பூர் மறைமாவட்டத்தின் தொடர்ச்சியாக இன்றும் இயங்குகிறது.

ஏரியில் மீன்பிடிப்பது பாடு முறைப்படி நடக்கிறது. யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடித் தீர்மானிக்கும். தகப்பனின் படகில் ஏறி, அவர் கை பார்த்துத்தான் பையன் நீரோட்டத்தையும் வலையையும் கற்கிறான். விசுவாசமும் இங்கே அப்படியே கற்கப்பட்டு வந்திருக்கிறது.

ஆனால் பாடு முறையின் உரிமை பரம்பரையாகச் சில குப்பங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பட்டியல் சாதி மீனவர் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். இன்று முகத்துவாரம் தூர்கிறது. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் கழியை நெருக்குகின்றன. மீன்பாடு குறைய, இளைஞர்கள் கூலிவேலை தேடித் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். இந்தச் சூழலில் வளரும் இளைஞன் பெரியவர்களிடம் முதலில் கவனிப்பது, ஏரியின் பங்கீட்டில் அவர்கள் யார் பக்கம் நிற்கிறார்கள் என்பதையே.

முடிவுரை

ஐந்நூறு ஆண்டுகளின் சான்றுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. கட்டாயத்தால் சேர்த்த கூட்டம் கலைந்தது. கூட வாழ்ந்து காட்டியவர்களின் போதனை நின்றது. ஆகவே பழவேற்காட்டின் பங்குத்தந்தையரும், போதகர்களும், மறைக்கல்வி ஆசிரியர்களும், இளைஞர் குழுப் பொறுப்பாளர்களும் மூன்று காரியங்களை இன்றே கையில் எடுக்க வேண்டும். சபையின் கணக்கை இளையோர் முன் திறந்து வையுங்கள். ஏரியில் பங்கு மறுக்கப்பட்டவர்களுக்காக ஊர்க்கூட்டத்தில் வாய்திறந்து பேசுங்கள். புயலிலும் நோயிலும் மதம் பாராமல் முதலில் போய் நில்லுங்கள். இவற்றைச் செய்யும் பெரியவரைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு விசுவாசத்தை விளக்கத் தனிப் பிரசங்கம் தேவைப்படாது.